பேட்டரியை ஏன் காலி செய்தோம்? ஒரு சிறிய பலகையின் நீண்ட வரலாறு



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் (இப்போது அவருக்கே பேரன் இருக்கிறான்) ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், நீங்க வகுப்பில ஒரு பலகையில சின்னச் சின்ன பல்பு எரிய வச்சு பேட்டரியைக் காலி பண்ணுவீங்களே, அது எதுக்கு? என் செல்போனையும் அதே மாதிரி பூஜ்யம் வரைக்கும் விட்டுட்டுத்தான் சார்ஜ் போடறேன். சரிதானே?" என்று கேட்டார். சரியில்லை என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே வழக்கம் நம் உறவினர் வீடுகளிலும் இருப்பதைப் பார்க்கிறேன். போன் தானாக அணையும் வரை காத்திருப்பார்கள், அப்புறம்தான் சார்ஜர் தேடுவார்கள். புயல் காலத்தில் இதனால் அவதிப்பட்டவர்களும் நம்மில் உண்டு. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இருநூறு ஆண்டுக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பலகையைப் பற்றி. 1980-களின் இறுதியில், பிரான்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா ஒருவர் பாரீசிலிருந்து வரும்போது ஒரு சார்ஜரும் நான்கு பென்சில் கட்டைகளும் கொண்டுவந்தார். புதுச்சேரியில் சொல்தா வீடுகளுக்குப் புதுப் பொருள்கள் இப்படித்தான் வந்து சேரும். நாம் அதுவரை அறிந்ததெல்லாம் சிவப்பு எவரெடியும் நிப்போவும்தான். தீர்ந்துபோனால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம், அதோடு குப்பை. திரும்பத் திரும்ப மின்னேற்றம் செய்யக்கூடிய கட்டை என்பது மேட்டுப்பாளையத்தில் பெரிய அதிசயம். (கோயம்புத்தூர் பக்கத்து மேட்டுப்பாளையம் இல்லை, நம்முடைய தொழிற்பேட்டை மேட்டுப்பாளையம். வெளியூர் உறவுகள் ஒவ்வொரு முறையும் ஊட்டி ரயிலைப் பற்றிக் கேட்பதால் சொல்லி வைக்கிறேன்.)

அந்தக் கட்டைகள் நிக்கல்-காட்மியம் வகை. பள்ளியின் டேப் ரெக்கார்டருக்கு அவற்றைப் போட்டு, பிள்ளைகளுக்குப் பாட்டு போடுவேன். சில மாதங்களில் அவை விரைவிலேயே களைத்துப்போக ஆரம்பித்தன. "முழுசாக் காலி பண்ணிட்டு ஏத்தணும், இல்லேன்னா அதுக்கு ஞாபகம் வந்துடும்" என்று சித்தப்பா சொன்னார். ஞாபகம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான்கு பல்பு ஹோல்டர்கள் வாங்கினேன். ஒரு பழைய எழுதுபலகையில் அவற்றைத் திருகி, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கட்டை உட்காரும்படி தகரத்தை வளைத்து வைத்தேன். 2.5 வோல்ட் டார்ச் பல்புகள். வேறொன்றும் இல்லை. அதுதான் நம் கதாநாயகன்.

நான்கு கட்டைகளையும் வரிசையாகக் கோத்து ஒரே பல்பில் எரிக்காமல் ஏன் தனித்தனியாக வைத்தேன் என்பது முக்கியம். வரிசையில் இருக்கும் நான்கும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோவதில்லை. ஒன்று எப்போதும் கொஞ்சம் நோஞ்சானாக இருக்கும். அது முதலில் தீரும். மற்ற மூன்றும் இன்னும் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம் தீர்ந்துபோன கட்டையின் வழியாகவும் போயாக வேண்டும், வேறு பாதை கிடையாது. அப்போது அந்தக் கட்டையின் நேர்முனை எதிராகவும் எதிர்முனை நேராகவும் மாறி, தலைகீழாக மின்னேற்றம் ஆகும். உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் ஏறும், கட்டை கெடும். டார்ச் லைட்டை அணைக்க மறந்து விட்டால் நல்ல மின்னேற்றக் கட்டைகள் பாழாவது இப்படித்தான். தனித்தனிப் பல்பு என்றால் இந்தத் தொல்லையே இல்லை. எது எப்போது தீர்கிறதோ அது அப்போது அணையும்.

காட்மியக் கட்டைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 1.2 வோல்ட்டிலேயே நீண்ட நேரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். அதனால் பல்பு ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே சீராக எரிந்து, பிறகு சில நிமிடங்களில் சிவந்து அணைந்துவிடும். மீட்டர் கூடத் தேவையில்லை. ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்தால் எடுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. பல்பு சிவந்ததும் எடுத்துவிடு என்பது பிள்ளைகளுக்கான விதி. நான்கு பல்பில் எது முதலில் அணையும் என்று பந்தயம் கட்டியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1800-ல் இத்தாலிய நாட்டு வோல்ட்டா, துத்தநாகத் தகடும் வெள்ளி அல்லது செம்புத் தகடும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்பு நீரில் நனைத்த அட்டை வைத்து மின்னடுக்கு செய்ததைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அடுத்த ஆண்டே பிரான்சில் கோத்தரோ என்பவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மின்னாற்பகுப்பு செய்த கம்பிகளை மின்னடுக்கிலிருந்து பிரித்த பிறகும் அவற்றிலிருந்து சிறிது நேரம் மின்னோட்டம் வந்தது, அதுவும் எதிர்த்திசையில். ஜெர்மனியில் ரிட்டர் அதையே பெரிதாக்கி, தானாக மின்சாரம் தராத, ஏற்றினால் மட்டும் திருப்பித் தரும் ஓர் அடுக்கை 1803 வாக்கில் செய்தார். துணை மின்கலம் என்ற எண்ணம் அங்கே முளைத்தது. ஆனால் அதனால் பயன் ஒன்றும் உண்டாகவில்லை.

பயனுள்ளதாக்கியவர் கஸ்தோன் பிளாந்தே. 1859-ல் இரண்டு காரீயத் தகடுகளை இடையே ஒட்டாமல் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் ஒன்பது கலங்கள் கொண்ட பேட்டரியைக் காட்டினார். இன்று உங்கள் ஸ்கூட்டரிலும் இன்வெர்டரிலும் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். நம் ஊரை அப்போது ஆண்டுகொண்டிருந்த நாட்டில் நடந்த இந்த விஷயத்தை நம் பாடப்புத்தகத்தில் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். அதில் விட்டுப்போகும் ஒன்றுதான் இந்தக் கதைக்குத் தேவை. பிளாந்தேயின் கலம் புதிதாகச் செய்தவுடன் ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவாது. வழவழப்பான காரீயத் தகட்டில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க இடமில்லை. அவர் அதை ஏற்றினார், முழுக்க இறக்கினார், திசை மாற்றி ஏற்றினார், மறுபடி இறக்கினார். இப்படி மாதக்கணக்கில் செய்யச் செய்ய, தகட்டின் மேற்பரப்பு பஞ்சு போலாகி, கொள்ளளவு கூடிக்கொண்டே போனது. அதுவும் டைனமோ புழக்கத்துக்கு வராத காலம், ஏற்றுவதற்கே வேறு மின்கலங்களைச் செலவழிக்க வேண்டும்! ஆக, முதல் சேமிப்புக் கலத்துக்கு மின்னிறக்கம் என்பது உயிர் கொடுக்கும் வேலை. 'காலி செய்தால் பேட்டரி நன்றாகும்' என்ற எண்ணத்தின் முதல் வேர் இங்கே இருக்கிறது.

1881-ல் கமீய் ஃபோர், தகட்டின் மேல் காரீய ஆக்சைடைப் பசையாகப் பூசும் முறையைக் கொண்டுவந்ததும் அந்த மாதக்கணக்கான வேலை மிச்சமாயிற்று. அதன் பிறகு பேட்டரி ஓடவே ஆரம்பித்தது. 1899-ல் பாரீசுக்கு அருகே காரீய பேட்டரியில் ஓடிய கார் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. மின்சார வாகனம் ஏதோ நேற்று வந்தது என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் பூசிய தகட்டுக்கு முழு மின்னிறக்கம் நல்லதில்லை. காரீயக் கலம் இறங்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படியும். உடனே ஏற்றினால் கரைந்து பழைய நிலைக்கு வரும். இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டால் அது கெட்டிப்பட்டுப் பெரிய படிகங்களாகும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த பிறகு, மின்சாரம் வர நாள் கணக்கில் ஆன தெருக்கள் எத்தனை! முதல் இரவிலேயே மின்விசிறியும் டிவியும் போட்டு இன்வெர்டரைத் துடைத்தெடுத்தவர்கள், மின்சாரம் வந்த பிறகு பேட்டரி ஏறவில்லை என்று புலம்பினார்கள். ஒரு சிறு விளக்கை மட்டும் எரித்து, பாதியில் நிறுத்தியவர்கள் அதே பேட்டரியை மேலும் சில ஆண்டுகள் வைத்திருந்தார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே கண்டுபிடித்த விதி இது: வேகமாக இறக்கினால் காரீய பேட்டரி தரும் மொத்த மின்சாரமே குறைந்துவிடும். 150 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கும் கணக்கு, அதாவது ஏழரை ஆம்பியர். 30 ஆம்பியர் இழுத்தால் ஐந்து மணி நேரம் கிடைக்காது. பெருக்கல் வகுத்தல் சரியாகத்தான் இருக்கும், பேட்டரிதான் ஒத்துக்கொள்ளாது.

இப்போது 'ஞாபகம்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1899-ல் சுவீடன் நாட்டு வால்டமார் யுங்னர் நிக்கல்-காட்மியம் கலத்தை உருவாக்கினார். அதே காலத்தில் அமெரிக்காவில் எடிசன் நிக்கல்-இரும்புக் கலத்தில் இறங்கினார். இருவருக்கும் காப்புரிமைச் சண்டை நடந்தது. பணபலம் யார் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காட்மியக் கலம் அப்போது திறந்த வகை, காரக் கரைசல் ஊற்ற வேண்டும். 1932-ல் ஜெர்மனியில் பொடியைச் சுட்டு நுண்துளைத் தகடு செய்யும் முறை வந்தது. 1947-ல் கியார்க் நாய்மான் என்பவர் உள்ளே உண்டாகும் வாயுவை உள்ளேயே மறுபடி சேர்ந்துபோகச் செய்து, கலத்தை முழுக்க மூடினார். இவர் மைக் செய்யும் நாய்மான்தான். பாட்டுப் பதிவுக் கூடங்களில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். மூடிய கலம் வந்ததால்தான் அதைக் கவிழ்க்கலாம், சட்டைப் பையில் போடலாம், விண்வெளிக்கும் அனுப்பலாம் என்றாயிற்று.

விண்வெளியில்தான் அந்த ஞாபகம் தெரிந்தது. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் துணைக்கோள் சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அரை மணி நேரத்துக்கு மேல் பூமியின் நிழலில் இருக்கும், அப்போது பேட்டரி வேலை செய்யும். வெளிச்சத்துக்கு வந்ததும் சூரியத் தகடுகள் அதை ஏற்றிவிடும். ஆக ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஒரே அளவு இறக்கம், ஒரே அளவு ஏற்றம், ஆயிரக்கணக்கான தடவை. இப்படி ஒரே அளவில், அதாவது கால் பங்கு மட்டுமே இறக்கிப் பழக்கிய கலங்கள், அதற்கு மேல் கேட்டபோது மின்னழுத்தம் குறைந்து நொண்டின. பழக்கப்பட்ட மாடு தெரிந்த தெருமுனையில் திரும்பிவிடுவது போல என்று வகுப்பில் சொல்வேன். ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றினால் பழைய பலம் திரும்பி வந்தது.

பூமியோடு சேர்ந்து சுற்றும் உயரத்தில் நிற்கும் தொலைத்தொடர்புத் துணைக்கோள்களின் நிலைமை வேறு. இன்சாட்-1பி 1983-ல் மேலே போய் நம் வீடுகளுக்குத் தூர்தர்ஷனைக் கொண்டுவந்தது நினைவிருக்கும். அந்த உயரத்தில் ஆண்டுக்கு இரண்டு பருவங்களில்தான் நிழல் விழும். மார்ச் மாதத்திலும் செப்டம்பரிலும், சமநாளை ஒட்டி, ஒவ்வொன்றும் சுமார் 45 நாள். அதிகபட்சம் ஒரு நாளைக்கு 70 நிமிடத்துக்குச் சற்று மேல். மற்ற மாதங்களில் பேட்டரி சும்மா கிடந்து, மெல்லிய மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டே சோம்பிப்போகும். அதனால் அக்காலத்தில் நிழல் பருவம் தொடங்குவதற்கு முன்பு, தரையிலிருந்து கட்டளை அனுப்பி, பேட்டரியை ஒரு மின்தடை வழியாக மெதுவாக இறக்கி, பிறகு நிதானமாக ஏற்றுவது பொறியாளர்களின் வழக்கம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அவர்கள் மின்தடையை வைத்துச் செய்ததைத்தான் மேட்டுப்பாளையத்தில் நான் டார்ச் பல்பை வைத்துச் செய்தேன். கொள்கையில் வித்தியாசமில்லை. செலவில்தான் கொஞ்சம் வித்தியாசம்.

வீட்டுக் கட்டைக்கு உண்மையிலேயே அந்த ஞாபகம் இருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. டேப் ரெக்கார்டரை நாம் துணைக்கோள் போலத் துல்லியமாக ஒரே அளவு ஓட்டுவதில்லையே. வீட்டில் கட்டைகள் களைத்துப்போனதற்குப் பெரிய காரணம் அளவுக்கு மீறி ஏற்றுவது. அந்தக் கால சார்ஜர்களுக்கு நிறுத்தத் தெரியாது. 14 மணி நேரம் என்று சீட்டில் போட்டிருக்கும், நாம் இரண்டு நாள் மறந்து விடுவோம். நெடுநேரம் அதிகமாக ஏற்றினால் உள்ளே படிகங்கள் பெரிதாகி மின்னழுத்தம் தாழ்ந்துபோகும். அந்த நோய்க்கும் முழு மின்னிறக்கம் மருந்தாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. காரணம் வேறு, கைவைத்தியம் பலித்தது. கைவைத்தியம் பலித்துவிட்டால் அந்த நம்பிக்கையை அசைக்க முடியாது, அது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இந்தத் துறையில் நம் பக்கத்து ஊரின் பங்கும் உண்டு. மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். காரீய பேட்டரியிலிருந்து லித்தியம் வரை அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. டெல்லியிலும் பம்பாயிலும் இல்லாத ஒன்று செட்டிநாட்டுப் பொட்டலில் வந்தது ஒரு தனிமனிதரின் கொடையால். அறிவியல் படிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

சரி, செல்போன். 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம்-அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கலத்தில் யுங்னரின் காட்மியமும் இல்லை, அந்தப் படிகங்களும் இல்லை. ஆழமாக இறக்குவதுதான் இதற்கு ஆகாது. ரொம்பவும் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், பிறகு ஏற்றும்போது ஆபத்து. அதனால்தான் ஒரு பாதுகாப்புச் சுற்று வைத்திருக்கிறார்கள். திரையில் பூஜ்யம் காட்டி அணையும்போதும் உள்ளே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டுதான் அது அணைகிறது. அப்படி அணைந்த போனை மாதக்கணக்கில் பீரோவில் போட்டுவிட்டால் அந்த மிச்சமும் வடிந்து, பேட்டரி திரும்ப எழாது. 20 விழுக்காட்டுக்கு வந்ததும் போடுங்கள், 80-லேயே எடுத்தாலும் தப்பில்லை. பயன்படுத்தாத போனைப் பாதி ஏற்றி வையுங்கள். 'முழுசா இறக்கி ஏத்தணும்' என்பது காட்மியத்துக்கான வைத்தியம். தாத்தாவுக்கு எழுதிய மருந்துச் சீட்டைப் பேரனுக்குக் கொடுத்த கதை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊரைப் புரட்டியபோது, மதியமே போன் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, மின்சாரமும் போய்விட்டது, மகனிடம் பேச முடியவில்லை என்று ஓர் அத்தை என்னிடம் வருத்தப்பட்டார். அன்று காலையில் அவருடைய போனில் 40 விழுக்காடு இருந்திருக்கிறது. 'முழுசா இறங்கட்டும்' என்று காத்திருந்தாராம். இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு அந்த மாணவரின் கேள்வி பாதிக் காரணம், அத்தை மீதிக் காரணம்.

இன்று கடையில் கிடைக்கும் மின்னேற்றப் பென்சில் கட்டைகள் நிக்கல்-உலோக ஹைட்ரைடு வகை. 2005-ல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த வகையிலிருந்து, சும்மா வைத்திருந்தாலும் மின்சாரம் மெதுவாகவே வடியும்படி செய்கிறார்கள். இவற்றுக்கு மின்னிறக்கப் பலகை கட்டாயமில்லை. பழையதாகித் தளர்ந்துபோனால், எப்போதாவது ஒருமுறை தனித்தனியாக ஒரு வோல்ட் வரை இறக்கி ஏற்றிப் பார்க்கலாம். பல்பு கிடைக்காவிட்டால் சில ஓம் மின்தடை ஒன்று போதும், ஆனால் மீட்டரோடு பக்கத்தில் உட்கார வேண்டும். லித்தியம் பேட்டரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பல்பிலோ கம்பியிலோ மாட்டி இறக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

கடைசியாகக் காட்மியம். அது நஞ்சு. ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்று நீரில் கலந்து, நெல்வயலில் ஏறி, சோற்றில் வந்தது. எலும்பு நொறுங்கும் நோய். வலி தாங்காமல் கத்தியதையே அந்நோய்க்குப் பெயராக வைத்தார்கள், இத்தாய்-இத்தாய், அதாவது வலிக்குது வலிக்குது. 1968-ல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் 2006-ன் சட்டம் வீட்டு உபயோகக் காட்மியக் கட்டைகளைப் பெருமளவு நிறுத்திவிட்டது. நம் நாட்டில் 2001-ல் வந்த விதிகள் காரீய பேட்டரிகளுக்கு மட்டும். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்தான் எல்லா வகைகளையும் சேர்த்து, திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன.

சித்தப்பா கொடுத்த நான்கு கட்டைகளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் என்னிடம் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் பழைய கார்ட்லெஸ் போன், எமர்ஜென்சி லைட், ஷேவிங் மிஷின் ஏதாவது பரணில் கிடக்கும். அதற்குள் காட்மியம் இருக்க வாய்ப்பு அதிகம். குப்பையில் போடாதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் கொடுக்காதீர்கள், அவர் உடைப்பார். பொங்கலுக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். மொத்தமாகச் சேர்த்து, மின்கழிவு முறையாக எடுப்பவர்களிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒவ்வொரு கட்டையின் இரண்டு முனையிலும் செலோடேப் ஒட்டி எடுத்து வரவும், பையில் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போட வேண்டாம்.